உருளாத பாறை, தவம் செய்யும் பூனை, லாரியில் வந்த வீடு!

மாமியாருக்கு முழங்கால் வலி. பெரியவளுக்குப் பரீட்சை முடிந்த களைப்பு. சின்னவனுக்குக் காரில் ஏறி உட்கார்ந்தாலே குமட்டல். என் கணவருக்கோ ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானத் தூக்கம் கட்டாயம் வேண்டும்! இப்படி ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போக முடியுமா? நீங்களே சொல்லுங்கள்!

ஆனாலும் போய்விட்டு வந்தோம். அதுவும் ஒரே நாளில். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

எங்காவது போய்த்தான் ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் என் மாமியார்தான். போன தை மாதம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்த எங்கள் கிராமத்து வீட்டை விற்றுவிட்டோம். பூட்டியே கிடந்த வீடு. ஓடு சரிந்துவிட்டது. இங்கே திருவான்மியூரில் ஃபிளாட் வாங்கிய கடனும் கழுத்தை நெரித்தது. அவர் ஊருக்குப் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்து, "கொடுத்தாச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். "சரிப்பா" என்று அவர்களும் ஒரு வார்த்தை சொன்னார்கள். அன்றோடு சரி. அதற்கப்புறம் அத்தை வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் பார்க்கமாட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கலை, நீங்க சாப்பிடுங்க" என்பார்கள்.

"ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போகலாங்க" என்றேன்.

"அம்மாவாலே நடக்க முடியாதே?"

"நடக்கவே வேண்டாம். காரை நிறுத்தி இறங்கினால் பத்தடியில் பார்க்கிற மாதிரி இடமாகப் போவோம். ஒவ்வொரு இடத்திலும் அரைமணி, முக்கால்மணி, அவ்வளவுதான்."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த மாதிரி வேடிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. நாம்தான் மாமல்லபுரம் என்றால் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டு, சங்குமாலை வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறோம்!

தூரத்து ஊர் முதலில்

ஒரு யோசனை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பாறைகள் வெயில் ஏறினால் கால் வைக்கமுடியாது. ஆகவே கடைசியில் இருக்கும் மாமல்லபுரத்துக்குக் காலையிலேயே நேராகப் போய்விட வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். பொழுது ஏற ஏற வீடு கிட்டே வந்துகொண்டிருக்கும். குழந்தைகள் அசந்து தூங்கிவிட்டாலும் கவலை இல்லை.

விடியற்காலை எழுந்து இட்லி வார்த்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டினேன். மத்தியானத்துக்குப் புளியோதரை. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி சேர்த்தேன். அப்போதுதான் வெயிலில் புளிக்காது. சின்னவனுக்குக் கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட் மட்டும். வயிறு நிறையப் பால் கொடுத்து ஏற்றினால் நீலாங்கரை தாண்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவான்! ஜன்னலை இறக்கிவிட்டு, "ரோட்டையே பார்த்துண்டு வரணும், போனைத் தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆச்சரியம்! அன்றைக்கு முழுக்கக் குமட்டவே இல்லை.

ஆறு மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்கெல்லாம் மாமல்லபுரம்.

உருளாத வெண்ணெய் உருண்டை

சரிவான ஒரு பாறை. அதன் மேல், இதோ உருளப்போகிறேன் என்று ஒரு பெரிய உருண்டைக் கல். சுமார் 20 அடி உயரம், 250 டன் எடை இருக்கும் என்கிறார்கள். கீழே தொட்டுக்கொண்டு நிற்கிற இடமோ நாலே அடிதான். 'வான் இறைக் கல்' என்பது இதன் பழைய பெயராம். 'கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை' என்றால்தான் இப்போது எல்லாருக்கும் தெரிகிறது.

1908-ல் சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் லாலி, கீழே இருப்பவர்கள் மேல் கல் உருண்டுவிடப் போகிறதே என்று பயந்து, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார். கல் அசைந்து கொடுக்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். 2019-ல் நம் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரம் வந்தபோது இந்தக் கல்லின் முன்னால் நின்றுதான் கையைக் கோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"யாரு தூக்கிக்கொண்டு வந்து வெச்சாங்க?" என்றான் சின்னவன்.

யாரும் வைக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த ஞாபகத்தில் பெரியவள் விளக்கினாள். ஒரு காலத்தில் சுற்றிலும் ஒரே பாறையாகத்தான் இருந்தது. வெயிலும் மழையும் காற்றும் வெகுகாலமாக வெங்காயத்தோல் உரிப்பதுபோல் உரித்து உரித்து, மற்றதெல்லாம் கரைந்துபோய் இது மட்டும் மிஞ்சி நிற்கிறது. எடை முழுக்க அடிப்பாகத்தின் மேல் நேராக இறங்குவதாலும், கருங்கல்லும் கருங்கல்லும் உராய்ந்து பிடித்துக்கொள்வதாலும் வழுக்குவதில்லை.

பக்கத்துச் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சறுக்கி அந்தப் பாறை கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருக்கிறது. டிராயர் கிழிவது நிச்சயம். பழைய துணியாகப் போட்டுக் கூட்டிப் போங்கள்!

அத்தை கீழே நிழலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான்.

பூனையாருக்குத் தவம்!

அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் அர்ச்சுனன் தபசு. சுமார் 90 அடி நீளத்துக்குப் பாறை முழுக்கச் சிற்பம். பகீரதன் தவம் என்றும் சொல்கிறார்கள். தேவர்களும் முனிவர்களும் இருக்கட்டும். நீங்கள் யானைகளின் காலடியில் பாருங்கள். ஒரு பூனை பின்காலில் நின்றுகொண்டு, முன்காலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது! அதைச் சுற்றி எலிகள். மேலே நிஜமான தவசி எப்படி நிற்கிறாரோ அப்படியே நிற்கிறார் நம் பூனையார். ருத்ராட்சப் பூனை என்று கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அந்தப் பூனையைப் பல்லவர் காலத்துச் சிற்பி ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே செதுக்கி வைத்திருக்கிறார்.

"அப்பாயி, எலியெல்லாம் கும்பிடுது பாருங்க!" என்று சின்னவன் கூவ, அத்தை முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்கப்புறம் வந்த சிரிப்பு!

பக்கத்திலேயே ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆண் குரங்கு பின்னால் உட்கார்ந்து அதற்குப் பேன் பார்க்கிறது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்!

அதற்குப் பக்கத்தில் கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கி நிற்க, அதன் அடியில் ஒரு சாதாரண ஊரே நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் பால் கறக்கிறார். பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஒரு பெண் தலையில் பானைச் சுமையோடு போகிறாள்.

அத்தை அந்தப் பசுவின் முன்னால் நின்றுவிட்டார்கள். "கன்னு பக்கத்துல நின்னாத்தான் பால் எறங்கும். இதைச் செஞ்சவன் மாடு வெச்சிருந்தவன்" என்றார்கள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று காலையிலிருந்து அத்தை பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

காருக்கு வந்து இட்லி சாப்பிட்டோம். அத்தை நாலு இட்லி சாப்பிட்டார்கள்.

புலியும் இல்லை, குகையும் இல்லை

வடக்கே திரும்பி ஐந்து கிலோமீட்டர் வந்தால் சாளுவன்குப்பம். இங்கே இருப்பது புலிக்குகை. உள்ளே புலி கிடையாது. குகை என்றும் சொல்லமுடியாது. பாறையில் குடைந்த சின்ன மாடம். அதைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு யாளி முகங்கள். எத்தனை என்று எண்ணுவதில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வந்து, கடைசியில் பதினொன்று என்று தீர்ப்பாயிற்று. மரங்களும் புல்தரையுமாகக் கடலோரத்தில் அமைதியான இடம். கைக்குழந்தைக்காரர்கள் சற்று உட்கார்ந்து இளைப்பாறலாம்.

கொஞ்சம் தள்ளி நடந்தால் இன்னொரு அதிசயம். 2004 டிசம்பரில் சுனாமி வந்து போனதே, அது மணலை அரித்துக்கொண்டு போனதில் ஒரு பாறையில் இருந்த கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. இங்கே ஒரு கோயில் இருந்ததாக அவை சொல்ல, தொல்லியல் துறையினர் 2005-ல் தோண்டினார்கள். செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது! கல்லில் செய்த வேலும் இருக்கிறது. அத்தைக்கு நடை முடியாது என்பதால் நானும் பெரியவளும் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வாயில் குழந்தையைத் தூக்கும் தாய்

அடுத்தது வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1976-ல் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ஆரம்பித்தது. தோலுக்காக வேட்டையாடி நம் நாட்டு முதலைகள் அருகிப்போன சமயம். சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்ட மூக்குக் கரியால் என்று மூன்று இனங்களையும் பெருக்கிக் காப்பாற்றத்தான் இதைத் தொடங்கினார்கள். இப்போது வெளிநாட்டு முதலைகளும், ஆமைகளும் கூட இருக்கின்றன.

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கட்டைகளை அடுக்கி வைத்தது போல் நூற்றுக்கணக்கில் படுத்திருக்கின்றன. வாயைத் திறந்தபடியே சிலை மாதிரி! கோபத்தால் அல்ல, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான் அப்படித் திறந்து வைத்துக்கொள்கிறதாம்.

தாய்மார்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முதலை மண்ணைத் தோண்டி முட்டையிட்டுக் காவல் இருக்கும். பொரிக்கும் சமயத்தில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத் தாய் மண்ணைக் கிளறி, குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். எலும்பை நொறுக்கும் அதே வாய், குஞ்சின் மேல் ஒரு பல் பதியாமல் தூக்கிப் போகிறது! பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த மண்ணின் சூடு தீர்மானிக்கிறதாம். மருமகளைக் குற்றம் சொல்ல முதலைக் குடும்பத்தில் வழியே இல்லை, பார்த்தீர்களா!

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோய், பிழைப்பில்லாமல் தவித்த இருளர் குடும்பங்களுக்கு இது வழிகாட்டியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகைப் பாம்புகளைப் பிடித்து வந்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பவும் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசிமருந்து அந்த விஷத்தைக்கொண்டுதான் தயாராகிறது.

வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெளியே மரநிழலில் காரை நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டோம். அத்தைக்கு இரத்த அழுத்த மாத்திரை. என் கணவருக்குக் கால்மணித் தூக்கம்.

லாரியில் வந்த வீடுகள்

கடைசியாக முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்த இடம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டு ஊர்களில் இடிக்க இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, பழையபடியே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு என்று ஒரு தெருவே இருக்கிறது. பானை வனைகிறார்கள். குழந்தைகளும் களிமண்ணைத் தொட்டுப் பார்க்கலாம்.

குழந்தைகள் சக்கரத்துக்கு ஓடிவிட்டார்கள். அத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தூணைக் கையால் தடவினார்கள். எழுந்து உள்ளே போய் முற்றத்தை எட்டிப் பார்த்தார்கள். அம்மியின் பக்கத்தில் நின்றார்கள். திரும்பத் திண்ணைக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

"இந்த வீட்டுக்காரங்களும் வித்துத்தானே இருப்பாங்க?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா" என்றார் இவர்.

"நம்ம வீட்டு நெலைக்கதவு எங்கேடா இருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வாங்கியவர்கள் வீட்டை இடித்துவிட்டு, கதவையும் தூணையும் பழைய மரம் வாங்குகிறவருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அம்மா மனசு கஷ்டப்படும் என்று இவர் யாரிடமும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

அத்தை அழவில்லை. "விக்க வேணாம்னு நான் சொல்லியிருக்க மாட்டேன்பா. ஓடு சரிஞ்சது எனக்குத் தெரியாதா? கடன் இருக்கிறது தெரியாதா? ஒரு தடவை கூட்டிட்டுப் போய் காட்டியிருக்கலாம். 'உனக்கு என்னம்மா வேணும், எடுத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாணமாகி வந்த அன்னிக்கு அந்த அம்மியிலதான் கால வெச்சேன். அதையாவது கேட்டிருப்பேன்" என்றார்கள்.

எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. கடன் கணக்குப் பார்த்தோம், பத்திரம் பார்த்தோம், நல்ல நாள் பார்த்தோம். அந்த வீட்டில் நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினவர்களைக் கேட்கவேண்டும் என்று மகனுக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணாயிருந்தும் எனக்கும் தோன்றவில்லையே! முழங்கால் வலி, தூரப் பயணம் வேண்டாம் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம்.

"மன்னிச்சுக்கம்மா" என்று இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அப்புறம் மணி நாலு ஆகிறவரையில் பேச்சு ஓயவில்லை. பிரசவத்துக்குப் போன அறை, மழைத்தண்ணீர் பிடித்த முற்றம், மாமனார் படுத்த திண்ணை... பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் அப்பாயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்னவன் கையெல்லாம் களிமண்ணோடு வந்து அப்பாயி மடியில் சாய்ந்தான்.

காரில் ஏறியதும் முதல் வேலையாக ஊரிலிருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டோம். நல்லகாலம்! மரத்துக்கு விலை உண்டு, கல்லை யார் எடுப்பார்கள்? அம்மியும் குழவியும் கொல்லையில் தென்னைமரத்தடியிலேயே கிடந்தன. அடுத்த வாரமே லாரி பார்சலில் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டு பேராகத் தூக்கி மாடிக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது பால்கனியில் இருக்கிறது. மிக்ஸி இருக்க, ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் அம்மித் துவையல்தான். அரைப்பது பெரியவள், பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் நைசா அரைம்மா" என்று அதிகாரம் பண்ணுவது அத்தை!

நீங்களும் கிளம்புமுன்...

* முதலைப் பண்ணைக்கும் தட்சிணசித்ராவுக்கும் வார விடுமுறை உண்டு. எந்தக் கிழமை என்று போன் செய்து கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.
* கழிப்பறை வசதி இந்த இரண்டு இடங்களிலும் இருக்கிறது. பெரியவர்களைத் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைக்காதீர்கள்.
* வயதானவர்களைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்காரவைக்க வேண்டாம். இறங்கி நாலடி நடந்தால் கால் வீங்காது.
* மாத்திரை டப்பா, தொப்பி, ஒரு மாற்றுத் துணி, ஈரத்துண்டு, வாந்தி வருகிற குழந்தை இருந்தால் இரண்டு பை. இவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
* ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தாகவேண்டும் என்று ஓடாதீர்கள். எந்த இடத்தில் பாட்டி சாவகாசமாக உட்கார்ந்துவிடுகிறாரோ, அங்கே கூட ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.